எட்டு வாரமாகியும் இருமல் போகவில்லையா? அதை நீடிக்க வைப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியவர்களுக்கு எட்டு வாரத்தைத் தாண்டிய இருமலை நாள்பட்ட இருமல் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அந்த எல்லை நான்கு வாரம். சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு ஆறேழு வாரம் இழுத்துவிட்டுத் தானாகத் தணியும். எட்டு வாரம் கடந்தும் தொடர்கிறது என்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று உடலிலோ, வீட்டிலோ, வேலையிடத்திலோ, மருந்துப் பெட்டியிலோ இருக்கிறது.

ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. ஒரு இருமல் டானிக், அது தீர்ந்ததும் இன்னொன்று, ஐந்து நாள் ஆன்டிபயாடிக், இரண்டு தடவை நெபுலைசர், பிறகு வேறு டாக்டர். எந்தச் சிகிச்சையும் பத்து நாளைத் தாண்டுவதில்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறது: ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குரிய சிகிச்சையைச் சரியான முறையில் குறித்த நாட்கள் முழுதும் செய்யுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

1. தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, நடந்தால் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப்போதல், விழுங்கும்போது தடை, காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், விரல் நுனிகள் பருத்து நகம் வளைந்து குவிதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்லும் வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். நெடுநாளாகப் புகைப்பவர்கள் இருமலின் தன்மை மாறினாலே போக வேண்டும். "எனக்கு எப்போதும் இருக்கிற இருமல்தானே" என்ற நினைப்பில்தான் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகப் பிடிபடுகிறது.

இருமும்போது கண் இருண்டு மயக்கம் வருகிறவர்கள், காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

2. காசநோய்க்கு எட்டு வாரக் கணக்கு கிடையாது

இரண்டு வாரம் இருமல் இருந்தாலே சளியைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குக் கட்டணம் இல்லை. சிபிநாட், ட்ரூநாட் என்ற மூலக்கூறு சோதனைகள் கிருமி இருக்கிறதா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். 1800-11-6666 என்பது திட்டத்தின் கட்டணமில்லா உதவி எண்.

சோதனை பொய்த்துப்போவது பெரும்பாலும் சளி கொடுக்கும் விதத்தில்தான். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். காற்றோட்டமான இடத்தில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, கடைசி மூச்சைச் சற்று அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி அளவு கெட்டிச் சளி வேண்டும். டப்பாவில் நுரைத்த எச்சில் மட்டும் இருந்தால், நோய் இருந்தும் "இல்லை" என்று வர வாய்ப்பு அதிகம்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. சளிச் சோதனைக்கு முன்பே லிவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்குவது. இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. சில நாள் இருமல் குறையும், "சரியாகிவிட்டது" என்று தோன்றும், சோதனையும் பொய்க்கலாம். மிச்சமிருக்கும் கிருமி மெல்ல வளர்ந்து, அந்த மருந்துக்கே கட்டுப்படாததாகவும் மாறலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் நோயை மறைத்துப் பரவவிடும்.

காசநோய் உறுதியானால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும். மருந்தை விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் விடுகிறார்கள். சத்துணவுக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் (2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது). கேட்டு வாங்குங்கள்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கு இருமல் நீடிப்பது இன்னொரு கதை. நோய் விட்டுப்போன தழும்பில் மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தேங்கும். பழைய குழிகளில் பூஞ்சை வளரலாம். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிவதை வைத்து மட்டும் மறுபடி காசநோய் மருந்து தொடங்குவது சரியல்ல. சளியில் கிருமி இருக்கிறதா என்று, அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வரை பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

3. மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் ஆகியவை வறட்டு இருமலைக் கொண்டுவரும். பெயரின் முடிவில் "ப்ரில்" இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு மாத்திரையாக இருந்தால் முன்பக்கப் பெயரில் தெரியாது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியைப் படிக்க வேண்டும்.

பிராடிகைனின் போன்ற பொருட்களை உடல் சிதைப்பதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. சிதையாத அந்தப் பொருட்கள் மூச்சுக்குழலில் சேர்ந்து இருமல் நரம்பைச் சீண்டுகின்றன. பெண்களுக்கு இது அதிகம். பலரும் ஏமாறுவது எங்கே என்றால், மாத்திரை தொடங்கிய மறுநாளே இருமல் வரவேண்டும் என்றில்லை. மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். நிறுத்தினாலும் உடனே போகாது. வழக்கமாக ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். பத்து நாளில் "மாற்றியும் போகவில்லை" என்று பழைய மாத்திரைக்குத் திரும்பிவிடக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் கூடாது, பிரஷர் எகிறும். டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற "சார்டான்" வகைக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி இருமலைத் தூண்டும். கண்ணுக்கு விடுவதைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதையும் சொல்லுங்கள்.

4. மூன்று அடிப்படைச் சோதனைகள்

மார்பு எக்ஸ்ரே, மூச்சை ஊதும் சோதனையான ஸ்பைரோமெட்ரி, ரத்த அணுக்களின் வகைக் கணக்கு. இந்த மூன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவது இருட்டில் தேடுவது.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் அது ஆஸ்துமாவையோ, ஆரம்பநிலை மூச்சுக்குழல் விரிவையோ, வயிற்று அமிலம் மேலேறும் எதுக்களிப்பையோ காட்டாது. ஸ்பைரோமெட்ரிக்குப் போகும் முன் சால்பியூட்டமால் இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம். குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, முழு மூச்சையும் ஒரே வேகத்தில் வெடித்தாற்போல் ஊத வேண்டும். பாதியில் இருமிவிட்டால் அந்த ஊதல் செல்லாது, மறுபடி ஊத வைப்பார்கள். மருந்து கொடுத்த பின் ஊதும் அளவு 12 விழுக்காடும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது என்று பொருள். சோதனை சீராக வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமா உண்டு.

ரத்தச் சோதனைக்கு நம் பகுதியில் தனி மதிப்பு இருக்கிறது. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவுக்கு எதிராக உடல் அளவுக்கு மீறிக் கொந்தளிப்பதால் வருவது வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா. இளவயது ஆண்களுக்கு அதிகம். இரவில் இருமலும் இழுப்பும், பகலில் ஓரளவு நிம்மதி. பார்க்க அப்படியே ஆஸ்துமாதான். ஆனால் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 3,000-க்கு மேல் இருக்கும். சில நூறு மட்டும் கூடியிருப்பது அலர்ஜியிலும் குடல் புழுவிலும் வரும். அறிக்கையில் விழுக்காட்டைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். "முழுமையான ஈசினோஃபில் எண்ணிக்கை" என்ற வரியைத் தேடுங்கள். உறுதியானால் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 மி.கி. வீதம் மூன்று வாரம். பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து நிரந்தரமாகும். மருந்து முடிந்த பின் எண்ணிக்கை இறங்கியதா என்று மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் திரும்ப வருவது உண்டு.

தினமும் ஒரு கை நிறையச் சளி வந்தால் சிடி ஸ்கேன் வரை போக வேண்டும். மூச்சுக்குழல் விரிந்திருந்தால் சளியை அடக்கும் மருந்து தீங்கு செய்யும். தேங்கியதை வெளியேற்றுவதுதான் சிகிச்சை. பிசியோதெரபிஸ்டிடம் மூச்சுப்பயிற்சி கற்றுக் காலையும் மாலையும் செய்தால் அடிக்கடி வரும் தொற்று குறையும்.

5. ஒரு வாரக் குறிப்பு

சோதனைக்கு ஓடும் அதே வாரத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் இரவில், இருமலின் கடுமைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். எந்த நேரம் அதிகம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சளி வந்ததா, தூக்கம் கலைந்ததா. அவ்வளவு போதும். சிகிச்சை தொடங்கிய பின்பும் வாரம் ஒரு எண்ணையாவது எழுதி வாருங்கள். எட்டு என்றிருந்தது ஐந்தானதா என்று பார்க்க நினைவை நம்ப முடியாது. நேற்றிரவு மோசமாக இருந்தால் மாதம் முழுதும் மோசம் என்றே தோன்றும்.

நேரமும் சூழலும் துப்புத் தரும், தீர்ப்புத் தராது. நள்ளிரவு தாண்டி எழுப்பினால் ஆஸ்துமா அல்லது ஈசினோஃபிலியா, வயதானவர்களுக்கு இதயமும். சாப்பிட்ட பின்னும் குனிந்தாலும் வந்தால் எதுக்களிப்பு. வாரத்தின் முதல் வேலைநாளில் நெஞ்சு இறுகி, போகப் போகக் குறைந்தால் பஞ்சுத் தூசி. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிரித்தால், போனில் பேசினால், ஏசி காற்று பட்டால், சென்ட் வாசனை வந்தால் இருமல் கிளம்பினால் நரம்புக் கூச்சம்.

6. மூக்கு, மூச்சுக்குழல், வயிறு

எக்ஸ்ரே சுத்தம், ப்ரில் மாத்திரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை என்றால் அடுத்து இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் மூன்றையும் வருடக்கணக்கில் விழுங்க வேண்டிவரும். அறிகுறி எங்கே அதிகமோ அங்கிருந்து தொடங்குங்கள்.

மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக்குள் ஏதோ வழிவதுபோன்ற உணர்வு இருந்தால் மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்பிரே. அதை அடிக்கும் விதத்தில்தான் பலன். மூக்கைச் சிந்திவிட்டுத் தலையைச் சற்றுக் குனியுங்கள், பின்னால் சாய்க்கக் கூடாது. வலது கையால் இடது நாசியிலும், இடது கையால் வலது நாசியிலும், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி வைத்து அடித்து, பூ முகர்வதுபோல் மெல்ல இழுங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடு எலும்பைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். மூக்கைக் கழுவ கால் லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும், ஆனால் தண்ணீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே மூக்கில் ஏற்றினால், மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகும் அபாயம் உண்டு.

இரவு இருமல், இழுப்பு, குடும்பத்தில் ஆஸ்துமா, ஈசினோஃபில் ஓரளவு கூடுதல் என்று இருந்தால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. நான்கு வாரம் சரியாக எடுத்துவிட்டு நோட்டைப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் தொடர வேண்டும், இருமல் நின்ற அன்றே விட்டுவிடக் கூடாது. கொஞ்சமும் மாற்றமில்லை என்றால், முறை சரியா என்று மருத்துவர் முன் அடித்துக் காட்டுங்கள். முறையும் சரியாக இருந்து பலன் இல்லாவிட்டால் நிறுத்துவதைப் பற்றி அவரிடம் பேசுங்கள். பலன் தராத இன்ஹேலரை ஆண்டுக்கணக்கில் இழுக்கத் தேவையில்லை.

அமுக்கும் இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்ற இடைக்குழாயில் பொருத்தி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரு தடவை அமுக்கி, நான்கைந்து நொடிக்கு மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடம் இடைவெளி. பொடி வகை இதற்கு நேர் எதிர்: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், சாதனத்துக்குள் ஊதக் கூடாது. பொடி அடைத்த கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தவறு அவர்களுடையது அல்ல; யாரும் செய்து காட்டவில்லை. முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாய்ப்புண்ணும் குரல் கரகரப்பும் வரும், அதுவே தொண்டையைச் சீண்டும்.

வயிற்றின் கதை சிக்கலானது. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்களுக்கு பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகை உதவலாம்: காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன், எட்டு வாரம். நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கு வெறும் இருமலுக்காக இதைக் கொடுப்பதில் பயனில்லை என்பது இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. அமிலத்தைக் குறைத்தாலும் மேலேறி வருவது நிற்பதில்லை. அதனால் மாத்திரையைவிடப் பழக்கம் முக்கியம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவது உதவாது. இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அழுந்தும். தொப்பை இருந்தால் குறைக்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் உறக்க மூச்சுத்தடைக்கும் சோதியுங்கள். அதற்குச் சிகிச்சை எடுத்ததும் இருமல் தணிந்தவர்கள் உண்டு.

7. வீட்டுக்குள் எரிவது எது?

மருந்து சரியாக இருந்தும் இருமல் நீடித்தால் காற்றைப் பாருங்கள். சிகரெட், பீடி முதல் காரணம். விட்ட பின் சில வாரம் இருமல் கூடுவதுபோல் தோன்றலாம், அதைக் கண்டு பயந்து திரும்பக் கூடாது. பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த வாரங்களில் குறைந்துவிடும். வீட்டில் இன்னொருவர் புகைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

விறகடுப்பில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கு, ஒரு பீடிகூடத் தொடாமலேயே சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருகிறது. "நான் புகைப்பதில்லை" என்றதும் மருத்துவர் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவார். அடுப்பைப் பற்றி நீங்களாகச் சொல்லுங்கள். கேஸ் இருந்தும் குளிக்க வெந்நீருக்கு விறகு எரிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளை இரவு முழுதும் எரிப்பது தனிக் கொடுமை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகளை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று அளந்தது. கொசுவலைக்கு மாறுவதைவிட மலிவான இருமல் சிகிச்சை கிடையாது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் போடும்போது சன்னலைத் திறந்து, இருமல் உள்ளவர் வேறு அறையில் இருக்கட்டும்.

மிளகாய் மில், மாவு மில், கல் குவாரி, கிரானைட் பட்டறை, தென்னைநார்த் தொழில் ஆகியவற்றில் துணியைக் கட்டிக்கொள்வது போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகமூடி வேண்டும். கல் தூசி என்றால் தண்ணீர் தெளித்தே வெட்ட வேண்டும். பால்கனியில் புறா எச்சம், பூஞ்சை பிடித்த ஏர் கூலர் இரண்டும் நுரையீரலுக்குள் அழற்சியை வளர்க்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் குறைந்து, வீடு திரும்பினால் கூடுகிறதா என்று நோட்டைப் பாருங்கள்.

8. எல்லாம் செய்தும் நிற்காத இருமல்

ஒரு பகுதியினருக்கு எல்லாக் காரணமும் தேடித் தீர்த்த பிறகும் இருமல் மிச்சமிருக்கும். இதை மனப்பிரமை என்று ஒதுக்குவது அநியாயம். தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பு அளவுக்கு மீறிக் கூசுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாத சிறு தூண்டலே இவர்களை உலுக்கிவிடும். இதற்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்தான், ஐம்பது அறுபது வயதினர் அதிகம். ஒவ்வொரு இருமலும் குரல்வளையை மோதிப் புண்ணாக்குகிறது, அந்தப் புண் அடுத்த இருமலைத் தூண்டுகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் மூன்று நான்கு அமர்வுகளில் கற்கக்கூடிய கட்டுப்பாட்டு முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வீட்டில் தொடங்க இப்படிச் செய்யலாம்:

1. தொண்டையில் அரிப்பு எழும் முதல் நொடியிலேயே வாயை மூடுங்கள். இருமல் கிளம்பிய பின் தடுப்பது கடினம்.
2. ஒரு வாய் தண்ணீர் பருகுங்கள், அல்லது எச்சிலை அழுத்தி விழுங்குங்கள்.
3. தோளைத் தளர்த்தி, மூக்கால் சிறிதாக இரண்டு முறை முகர்ந்து இழுத்து, குவித்த உதடு வழியாக மெல்ல விடுங்கள். வயிறு அசைய வேண்டும், மேல்மார்பு அசையக் கூடாது.
4. அரிப்பு தணியும்வரை இதையே தொடருங்கள். முதலில் பத்து நொடி தள்ளிப்போட்டால் போதும். பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீட்டுங்கள்.

இருமல் இல்லாத வேளையிலும் தினமும் பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டும், அப்போதுதான் தேவைப்படும்போது கைகொடுக்கும். குறைந்தது நான்கு முதல் எட்டு வாரம். தேங்கிய சளியை வெளியேற்ற வேண்டியவர்களுக்கு இந்த முறை பொருந்தாது.

இதோடு, மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவு கபாபென்டின், சிலருக்கு மிகக் குறைந்த அளவு மார்ஃபின் மாத்திரை பயன்படுத்தப்படுகின்றன. மயக்கம், மலச்சிக்கல் வரும் என்பதால் பயனில்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். இருமலைத் தூண்டும் நரம்பில் உள்ள பி2எக்ஸ்3 என்ற வாயிலை அடைக்கும் கெஃபாபிக்சன்ட் என்ற புது மருந்து ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது, அமெரிக்காவில் பெறவில்லை. அதை எடுப்பவர்களில் பலருக்கு நாக்கின் சுவை மாறிவிடுகிறது.

இருமும்போது சிறுநீர் கசிவது நடுவயதுப் பெண்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது, ஆனால் மருத்துவரிடம் சொல்வதில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை. இருமல் வரும் நொடிக்கு முன் இடுப்படித் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி நல்ல பலன் தரும்.

காதையும் ஒருமுறை காட்டுங்கள். காதுக் குழாயில் வேகஸ் நரம்பின் ஒரு கிளை இருக்கிறது. இறுகிப்போன காதழுக்கு சிலருக்கு இருமலைத் தூண்டும். எடுத்ததும் நின்றுவிடும்.

9. டானிக்கும் கைவைத்தியமும்

கோடீன் கலந்த டானிக் பழக்கத்துக்கு அடிமையாக்கும், மலச்சிக்கல் தரும், காரணத்தைத் தொடாது. நாள்பட்ட இருமலுக்கு எந்த டானிக்கும் சிகிச்சை ஆகாது.

ஆடாதோடை வெறும் பாட்டி நம்பிக்கை அல்ல. அதிலுள்ள வாசிசினை ஒட்டித்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆனால் அது கருப்பையைச் சுருக்கக்கூடியது, கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. அதிமதுரம் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் நாள்கணக்கில் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயம் அளவோடு குடிக்கலாம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது எதிர்வேலை செய்யும்.

10. குழந்தைகளுக்கு வேறு கணக்கு

நான்கு வாரம் தாண்டிய ஈர இருமல், மற்றபடி நன்றாக விளையாடும் குழந்தை என்றால் மூச்சுக்குழலில் பாக்டீரியா நீடித்துத் தங்கியிருக்கலாம். இதற்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போதாது. மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் கொடுப்பார். ஓடி விளையாடும்போது திடீரெனப் புரையேறி, அன்றிலிருந்து இருமல் என்றால் வேர்க்கடலையோ விதையோ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அந்தப் புரையேறிய நாளை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். தொடர்ச்சியாக இருமி, கடைசியில் கூவி மூச்சிழுத்து வாந்தி எடுத்தால் கக்குவான். அது மூன்று மாதம்வரை இழுக்கும். பகல் முழுதும் இருமி, தூங்கியதும் முற்றிலும் நின்றுவிடுகிற இருமல் பழக்க இருமலாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டாம், பயிற்சி போதும்.

குழந்தைகளுக்கு டானிக் வேண்டாம் என்பதற்கு 2025 அக்டோபர் கொடிய சாட்சி. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்து, பல சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது அப்போதுதான். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேன் தரவே கூடாது, தசைகளை முடக்கும் பாட்டுலிசம் வரும் அபாயம் உண்டு.

11. அடங்கிய இருமல் திரும்பினால்

ஒரு சளிக்காய்ச்சல் போதும், தணிந்திருந்த நரம்பு மறுபடி கூசத் தொடங்கும். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது இதைக் குறைக்கும். ஆஸ்துமா உறுதியானவர்கள் அந்த நாட்களில் இன்ஹேலரை விடாமல், ஏற்கெனவே மருத்துவர் எழுதித்தந்த அளவைப் பின்பற்ற வேண்டும். முன்பு எந்தச் சிகிச்சைக்கு நோட்டில் எண் இறங்கியதோ அதிலிருந்து தொடங்குங்கள், புது மருந்திலிருந்து அல்ல. ஆனால் இரண்டு வாரத்தில் தணியவில்லை என்றாலோ, முன்பு இல்லாத காய்ச்சலோ ரத்தமோ எடைக்குறைவோ சேர்ந்தாலோ, "இது நம் பழைய இருமல்தான்" என்று எண்ணாமல் சளி டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.